முதல் தட்டுக்கு முன் பத்து நிமிடம்

(மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை)

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. பதறாதே என்று சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படிப் பதறாமல் இருப்பது என்று சொல்லித் தருபவர்தான் அரிது. செய்முறைத் தேர்வு நாளன்று நம் ஒர்க்ஷாப் வாசலைப் பாருங்கள். ஒருவர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒருவர் "எல்லாம் மறந்துபோச்சுடி" என்று புலம்புவார். படித்தது எங்கும் போய்விடவில்லை. உடம்பு உள்ளே போய்விட்டது, மனம் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்!

மனதையும் உடம்போடு உள்ளே அழைத்துப் போக ஒரு வழி இருக்கிறது. அதை நான் எந்த மனோதத்துவப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பரதநாட்டிய வகுப்பில் கற்றுக்கொண்டேன். மெக்கானிக்கல் மாணவிக்கும் பரதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

ரஷ்யப் பறவையும் மதுரைப் பெண்ணும்

முதலில் கொஞ்சம் வரலாறு. ஐரோப்பாவின் பாலே நடனத்துக்கு முறையான கல்விக்கூடம் 1661-ல் பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரால் தொடங்கப்பட்டது. இன்றும் எந்த நாட்டில் பாலே வகுப்பு நடந்தாலும், எடுத்தவுடன் துள்ளிக் குதிப்பதில்லை. சுவரோரம் உள்ள மரக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக மடக்கி நிமிரும் பயிற்சியில்தான் தொடங்குவார்கள். அதன் பெயர் 'ப்ளியே'. பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முதுகு நிமிர்ந்து, முழங்கால் மடங்கும் அந்த நிலையைப் பார்த்தால் நம் அரைமண்டிக்குத் தூரத்துச் சொந்தம் போலவே இருக்கும். உலகப் புகழ்பெற்ற நடனமணியும் அதில்தான் தொடங்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த சிறுமியும் அதில்தான் தொடங்க வேண்டும்.

அப்படிப் புகழ்பெற்றவர்தான் ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா (1881–1931). அவருடைய நடனத்தைக் கண்டு மயங்கியவர்களில் ஒருவர் 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி தேவி பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்ற கருத்தில் பாவ்லோவா சொன்ன யோசனைதான் அவரைச் சதிரின் பக்கம் திருப்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அங்கே நாள் தொடங்குவது ஆட்டத்தில் அல்ல. எல்லாரும் ஒன்றுகூடி அமரும் பிரார்த்தனையில். அதில் ஒரே மதத்தின் வழிபாடு மட்டும் இல்லை, பல மதங்களின் வழிபாடும் உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கலையை ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தவர்களும், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்களும் இசை வேளாளர் குடும்பங்களின் நட்டுவனார்களும் ஆடல் மகளிரும்தான். சமூகம் அவர்களை ஏளனமாகப் பார்த்த காலத்திலும் அவர்கள் கலையை விடவில்லை. ஆடுவதற்கு முன் மனதை ஒருமுகப்படுத்தும் வித்தையும் அவர்கள் கொடுத்த சொத்தே என்றால் மிகையாகாது.

அலாரிப்பு என்னும் மனப் பயிற்சி

அந்த மரபில் வந்த மாமேதை தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984). 1975-ல் சென்னை தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, பரதநாட்டியக் கச்சேரியை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல். அதைக் கடந்து ஜதிஸ்வரம், சப்தம் என்று மண்டபம் மண்டபமாக உள்ளே போய், வர்ணத்தில் இறைவனின் சந்நிதிக்குள் நுழைகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். அலாரிப்பில் பாட்டின் பொருள் கிடையாது, கதை கிடையாது. தாளம் மட்டுமே. அந்தத் தாளத்தில் உடம்பின் இறுக்கமும் மனதின் அலைச்சலும் கரைந்து, ஆடுபவர் ஒருமுகப்படுகிறார் என்று அவர் விளக்கினார்.

அலாரிப்பின் வரிசையைக் கவனித்தால் நம் தொழில்நுட்ப மூளைக்கு ஒரு விஷயம் பிடிபடும். முதலில் நின்ற நிலையில் கண், பிறகு கழுத்து, பிறகு தோளும் கையும், அதன் பிறகு அரைமண்டி, முழுமண்டி என்று கால்கள். சின்ன உறுப்பிலிருந்து பெரிய உறுப்புக்கு, எளியதிலிருந்து கடினமானதற்கு. மெஷினை ஆன் செய்தவுடன் முழு வேகத்தில் ஓட்டாமல், படிப்படியாக வேகம் கூட்டுவது போலத்தான்! 'அலர்தல்' என்றால் பூ விரிதல். பூ ஒரே நொடியில் விரிவதில்லை.

வகுப்புக்கு முன் என்ன செய்கிறோம்?

எங்கள் டீச்சர் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். நான் சிறுமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவள், அதனால் முதலில் இது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இறக்கி வைத்தல்: செருப்பு, பை, செல்போன் மூன்றும் வெளியே. "செருப்போட சேத்து வீட்டுச் சண்டையையும் வெளியவே விட்டுட்டு வாங்கடா. போறப்ப ரெண்டையும் பத்திரமா எடுத்துட்டுப் போகலாம்" என்பார் டீச்சர். சிரிப்பாக இருந்தாலும் இதில் அர்த்தம் உண்டு. கவலையே படாதே என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி வை என்கிறார். தள்ளி வைப்பது நம்மால் முடிகிற காரியம்.

2. கேட்டல்: சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார வேண்டும். முதலில் தூரத்துச் சத்தம் — பஸ் ஹாரன், பழ வண்டிக்காரர் குரல். அடுத்து பக்கத்துச் சத்தம் — ஃபேன், யாரோ புரளும் வளையல். கடைசியாக நம் மூச்சுச் சத்தம். வெளியிலிருந்து உள்ளே வர இது நல்ல பாதை. 'எதையும் நினைக்காதே' என்றால் மனம் கேட்காது. 'இதைக் கேள்' என்றால் கேட்கும்.

3. தாளத்தில் மூச்சு: ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. லகுவின் நான்கு எண்ணிக்கையில் மூச்சை இழுத்து, இரண்டு திருதங்களின் நான்கு எண்ணிக்கையில் விட வேண்டும். ஐந்தாறு முறை ஆனபின், நான்கு எண்ணிக்கையில் இழுத்து, எட்டு எண்ணிக்கையில் மெதுவாக விட வேண்டும். அடக்கிப் பிடிக்கக் கூடாது. தலை சுற்றினால் சாதாரண மூச்சுக்கு வந்துவிட வேண்டும்.

4. இறுக்கித் தளர்த்தல்: கை விரல்களை முஷ்டியாக இறுக்கி விடுவோம். தோளைக் காதுவரை தூக்கித் தொப்பென்று விடுவோம். முகம், வயிறு, தொடை, பாதம் என்று இப்படியே. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் வெளியிட்ட தசைத் தளர்வு முறை புத்தகத்தின் அடிப்படையும் இதுதான். இறுக்கம் என்னவென்று தெரிந்தால்தான் தளர்ச்சி என்னவென்று உடம்புக்குப் புரியும்.

5. கையால் ஆடுதல்: போன வாரம் படித்த அடவுகளை உட்கார்ந்தபடியே வாயில் சொல்லுக்கட்டு சொல்லி, பாதங்களுக்குப் பதில் உள்ளங்கைகளால் தொடையில் தட்டிப் பார்ப்போம். மனதுக்குள் நம் உருவம் ஆடுவதைப் பார்க்க வேண்டும். பாலே நடனக்காரர்களும் ஒத்திகையில் முழு வேகத்தில் ஆடாமல் கையாலும் சிறு அசைவாலும் குறித்துப் பார்ப்பது வழக்கம். இதை 2013-ல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். முழு பலத்தோடு மட்டுமே ஒத்திகை பார்த்த ஆட்டத்தைவிட, இப்படிக் குறித்துப் பார்த்த ஆட்டத்தை நடனக்காரர்கள் நன்றாக ஆடினார்கள் என்று தெரியவந்தது. உடம்பின் பாரம் குறையும்போது மூளைக்குக் கவனிக்க இடம் கிடைக்கிறது.

6. ஒரே ஒரு தீர்மானம்: "இன்னிக்கு நல்லா ஆடணும்" என்று நினைத்தால் டீச்சருக்குப் பிடிக்காது. "நல்லான்னா எது? முட்டியா, முதுகா, கண்ணா? ஒண்ணைச் சொல்லு" என்பார். இன்று முழங்கால் பாத விரலுக்கு நேராக மடங்க வேண்டும் என்று ஒருவர். கை தோளுக்குக் கீழே தொங்கக் கூடாது என்று இன்னொருவர். ஒரு நாளைக்கு ஒன்று. வருஷத்துக்கு ஐம்பது ஞாயிறு என்றால் ஐம்பது திருத்தம் ஆகிறதே!

7. தட்டிக் கும்பிடுதல்: கடைசியில் எழுந்து நின்று, காலால் தட்டி, பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். உன்னை மிதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியிடம் மன்னிப்புக் கேட்பது அது. தலைக்கு மேல் கை குவித்துக் கடவுளுக்கு, முகத்துக்கு நேரே குருவுக்கு, மார்புக்கு நேரே சபைக்கு. எங்கள் வகுப்பில் இஸ்லாமிய, கிறிஸ்தவத் தோழிகளும் உண்டு. "அவங்கவங்க சாமிய அவங்கவங்க நெனைச்சுக்கங்க. பூமி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வம்பே இல்லை.

இதன்பிறகுதான் தட்டுமனையில் தட்டுக்கழி விழும். "தெய்யா தெய்" என்ற சொல்லோடு தட்டடவு முதல் காலத்தில் தொடங்கும்.

இது எப்படி வேலை செய்கிறது?

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்வதால் விரல்கள் சில்லிடுகின்றன. மூச்சு மேலோட்டமாகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. மைக்ரோமீட்டர் பிடிப்பதற்கு அல்ல! இதயத்துடிப்பை நேரடியாக "குறை" என்று கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு நம் கையில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது சற்றுக் குறையும். மெதுவாக, நீளமாக மூச்சை விட்டால் வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத்துக்கு அமைதிச் செய்தி போகிறது. அதாவது மூச்சு என்பது ரெகுலேட்டர்.

பயம் முழுவதும் போய்விட வேண்டும் என்றும் இல்லை. 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது 'ஆடும் எலி' என்று அழைக்கப்பட்ட ஒருவகை எலி என்பது வேடிக்கையான பொருத்தம்! தூண்டுதல் மிகக் குறைவாக இருந்தாலும் கற்றல் மந்தம், மிக அதிகமானாலும் கடினமான வேலை கெட்டுப்போகும், நடுத்தரமே நல்லது என்ற விதி அந்தச் சோதனையிலிருந்து பிறந்தது. வீணைத் தந்தி தொங்கினாலும் சுருதி வராது, முறுக்கினால் அறுந்துபோகும்.

மூன்றாவது விஷயம் மூளையின் இடவசதி. ஒரே நேரத்தில் நாம் மனதில் பிடித்து வைக்கக்கூடியது கொஞ்சம்தான். "ஃபெயில் ஆயிட்டா என்ன ஆகும்" என்ற எண்ணம் அங்கே உட்கார்ந்துகொண்டால், சூத்திரத்துக்கு இடமில்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகத் தேர்வு எழுதியதாகக் கண்டார்கள். செருப்போடு சண்டையை வெளியே விடச் சொன்ன டீச்சரும் இதைத்தானே சொன்னார்!

நமக்கு ஏன் இது வேண்டும்?

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். எங்கள் அப்பா சிறுமலைத் தோட்டங்களில் வாழைத்தார் சுமப்பவர். பரீட்சை நாளில் "பயப்படாமப் போயிட்டு வா தாயி" என்பார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. 'நானும் இந்தப் பரீட்சை எழுதினவன்தான், ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல நம் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே பயத்தை நாமே கையாளக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது சின்ன விஷயம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு தோழி லேத்தில் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் வைவாவில் எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பேப்பர் அரியர் ஆனது. அடுத்து இரண்டு. "எனக்குப் படிப்பு வராது" என்று அவளே முடிவுகட்டி, இன்று ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டுக்குப் போகிறாள். அவளுக்குப் படிப்பு வராமல் இல்லை. ஐந்து நிமிட நடுக்கம் மூன்று வருடப் படிப்பைத் தின்றுவிட்டது. இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அதுவே.

ஒர்க்ஷாப்பில் கடைப்பிடிக்க

நடன வகுப்பின் பாடத்தை நம் மொழியில் மாற்றிப் பார்ப்போம்.

சுழிப்பிழை பாருங்கள்: வெர்னியர் காலிப்பரில் அளப்பதற்கு முன் தாடைகளை மூடிச் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம். பார்க்காமல் அளந்தால், எத்தனை கவனமாக அளந்தாலும் எல்லா அளவும் தப்பு. மனதுக்கும் சுழிப்பிழை உண்டு. இன்று கோபமா, தூக்கமா, பசியா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிழை இருப்பது குற்றமில்லை. இருப்பது தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம்.

வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள்: சிறுமலைப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். பஸ் டிரைவர் அண்ணன் வளைவுக்குள் போனபின் கியர் மாற்றுவதில்லை. வருவதற்கு முன்பே மாற்றிவிடுவார். தேர்வு மணி அடித்தபின் மூச்சுப் பயிற்சி செய்வது வளைவுக்குள் கியர் மாற்றுவது போல. பத்து நிமிடம் முன்னாலேயே நோட்டை மூடிவிடுங்கள்.

கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: லேத்தை ஆன் செய்வதற்கு முன், வேலையின் படிகளை மனதுக்குள் வரிசையாகச் செய்து பாருங்கள். ஜாப்பைப் பிடிப்பது, சென்டர் பார்ப்பது, டூல் உயரம் வைப்பது, வேகம் தேர்ந்தெடுப்பது. சக் சாவியை எடுத்துவிட்டோமா என்பதும் அந்த வரிசையில் வரட்டும். பதற்றத்தில் அதைச் சக்கிலேயே விட்டு ஸ்விட்ச் போட்டால், அது எகிறி வந்து ஆளையே அடித்துவிடும். மனம் தயாராக இருப்பது மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, கைகால் பத்திரமாக இருக்கவும்தான்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: "நூறு மார்க்" என்பது தீர்மானம் அல்ல, ஆசை. "கேள்வியை முழுதாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டபின் பதில் சொல்வேன்" என்பதே தீர்மானம். வைவாவுக்கு இது ஒன்றே போதும். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழில் சொல்லட்டுமா, சார்?" என்று கேட்கவும் அந்த ஒரு மூச்சு தைரியம் தரும்.

வணக்கம் சொல்லுங்கள்: நம் மாவட்டத்து ஆயுத பூஜையைவிடச் சிறந்த உதாரணம் வேண்டாம். வருஷத்துக்கு ஒருநாள் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம். மற்ற நாளில் ஆயில் ஊற்றி, தூசி துடைத்து, ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்கினால் அதுவே நம் தட்டிக் கும்பிடல்.

சில எச்சரிக்கைகள்

தியானம் படிப்புக்குப் பதில் ஆகாது. அடவே படிக்காதவள் கண்ணை மூடி உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்! பூட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லில் இதைச் சுலபமாகச் சொல்லலாம். பூட்டுக்குள் இருக்கும் நெம்புகள் எல்லாம் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் சாவி சுழலும். படிப்பு, பயிற்சி, தூக்கம், சாப்பாடு, மன அமைதி எல்லாமே நெம்புகள். ஒன்று எழும்பாவிட்டாலும் பூட்டு திறக்காது.

தேர்வு நாளில் மட்டும் செய்தாலும் பலிக்காது. சாதாரண நாளில் பழகியதைத்தான் உடம்பு ஆபத்தில் நினைவு வைத்திருக்கும். தினம் ஐந்து நிமிடம் போதும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகூடச் செய்யலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது மூச்சுப் பயிற்சியால் மட்டும் தீரும் விஷயம் அல்ல. ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். உதவி கேட்பது வெட்கம் இல்லை.

முடிவாக...

நடன மேடையில் கைதட்டல் வாங்கும் ஆட்டம் பத்து நிமிடம். அதற்கு முன் யாரும் பார்க்காத பத்து நிமிடம் ஒன்று இருக்கிறது. பாலே ஆடும் பெண்ணுக்கும் அது உண்டு; பரதம் ஆடும் பெண்ணுக்கும் உண்டு. லேத் ஓட்டும் நமக்கும் இருக்கட்டும். காசு செலவில்லை, கோச்சிங் தேவையில்லை, பெரிய இடத்துப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேதமும் இல்லை. அடுத்த செய்முறைத் தேர்வன்று ஒர்க்ஷாப் வாசலில் நோட்டை மூடிவிட்டு, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட்டுப் பாருங்கள். பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் தோழிக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒருவரையும் வாசலில் விட்டுவிடாமல் எல்லோரும் சேர்ந்து உள்ளே போவோம்!